21 நாள் கணக்கு

(முசரவாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019ஆம் ஆண்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூலை 1 தொடங்கி 48 நாள் அத்தி வரதர் தரிசனம். காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. அதற்கு முன் அந்தப் பெருமாள் திருமேனி கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தது 1979இல். இரண்டு முறையும் தரிசித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கை தூக்குங்கள், பார்க்கலாம். நல்லது, ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். நான் இன்று உங்களை வைத்துத்தான் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.

1979இல் வரிசையில் நின்ற உங்கள் உடம்பில் இருந்தவற்றில் எவையெல்லாம் 2019இல் மறுபடி வந்து நின்றன? 40 ஆண்டு என்பது 14,600 நாள். ரத்தத்தின் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள்தான் வாழும். அப்படியானால் உங்கள் சிவப்பணுக்கள் மொத்தமும் 120 தடவைக்கு மேல் போய், புதிதாக வந்திருக்கின்றன. சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய படலம் மூன்று முதல் ஐந்து நாளில் உரிந்து புதிதாகிறது. அது ஏறத்தாழ 3,000 தடவையாவது மாறியிருக்கும். மேல்தோல் புதிதாக நான்கைந்து வாரம் ஆகும். முதல் நாள் வரதரைப் பார்த்தவர் 48ஆம் நாள் மறுபடி போயிருந்தால், அதற்குள்ளேயே வேறு மேல்தோலோடுதான் போயிருப்பார்.

ஆனால் மாறாதவையும் வந்து நின்றன. 1979இல் அந்தத் திருமேனியின் ஒளியை வாங்கிய விழித்திரை செல்களும், அதை நினைவில் வைத்த மூளைப் புறணியின் நரம்பு செல்களும் 2019இல் அதே செல்கள்தான். அவை பிரிவதில்லை. பிறக்கும்போது கூட வந்தவை, கடைசிவரை கூட இருப்பவை. கண்ணின் லென்ஸ் இன்னும் வியப்பானது. அதன் நடுப்பகுதி நீங்கள் தாய் வயிற்றில் இருந்தபோது உருவானது. அங்கே இருக்கும் புரதம் அதற்குப் பிறகு மாற்றப்படுவதே இல்லை. அறுபது எழுபது ஆண்டு வெயிலையும் வெளிச்சத்தையும் தாங்கிய அந்தப் பழைய புரதம் மெல்ல மெல்ல மங்குவதைத்தான் கண்புரை என்கிறோம். புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள் தங்கள் உடம்பின் மிகப் பழைய பொருள்களில் ஒன்றை ஆபரேஷன் மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"ஏழு வருஷத்துக்கு ஒரு முறை உடம்பு முழுக்கப் புதுசாயிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 33,000 கோடி செல்கள் போய் அந்த இடத்துக்குப் புதியவை வருகின்றன என்று 2021இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலைய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் நாளுக்கு நூற்றில் ஒன்று. ஆனால் அந்த மாற்றம் எல்லா இடத்திலும் சமமாக நடப்பதில்லை. புதிதாக வருவதில் நூற்றுக்கு 86 பங்கு ரத்த செல்கள், 12 பங்கு குடல் செல்கள். மற்ற உறுப்புகள் அத்தனைக்கும் சேர்த்து மீதி இரண்டு பங்குதான்.

இதெல்லாம் எப்படித் தெரியும், செல்லில் பிறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு மாணவி என்னைக் கேட்டாள். எழுதியிருக்கிறது அம்மா. எழுதியது அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் உலகம் முழுவதும் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டுத் திறந்தவெளிச் சோதனையை நிறுத்திய பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. காற்றின் கார்பனைப் பயிர் எடுக்கிறது, பயிரை நாம் சாப்பிடுகிறோம். ஒரு செல் பிரியும்போது தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. படியெடுத்த அந்த ஆண்டில் காற்றில் இருந்த கார்பன் அளவு அந்த டி.என்.ஏ.வில் அப்படியே நின்றுவிடுகிறது. பிறகு அந்த செல் பிரியாவிட்டால் அளவும் மாறாது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிலையத்து யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இந்த முத்திரையைப் படித்து செல்களின் வயதைச் சொன்னார்கள். மனிதரை அழிக்கச் செய்த ஒன்று, மனித இதயத்தின் வயதைச் சொல்ல உதவியிருக்கிறது.

இதயத்தைப் பற்றி 2009இல் அவர்கள் வெளியிட்டது இது: 25 வயதில் இதயத் தசை செல்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று புதிதாகிறது. 75 வயதில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சராசரி ஆயுள் முழுக்க வாழ்ந்தாலும் இதயத் தசையில் பாதிக்கு மேல் பழைய செல்களே இருக்கும். மாரடைப்பில் செத்த தசை திரும்ப வளராததற்குக் காரணம் இதுதான். கல்லீரல் இதற்கு நேர்மாறு. அதன் செல்கள் சாதாரண நாளில் அமைதியாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அபூர்வமாகத்தான் பிரியும். ஆனால் ஒரு தாய் தன் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டிப் பிள்ளைக்குக் கொடுத்தால், மிச்சமிருக்கும் செல்கள் விழித்துக்கொண்டு சில மாதத்தில் ஏறத்தாழப் பழைய எடைக்கே வளர்த்துவிடும். போதும் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளவும் அவற்றுக்குத் தெரியும். இப்படி நிறுத்தத் தெரிவதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் ஏன் இதைப் பேச வந்தேன் என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா தறிவீட்டில் பிறந்து தறிவீட்டில் வாழ்ந்தவர். பெரியப்பா தறியில் உட்கார்ந்தால் பெரியம்மா ராட்டையில் தார் சுற்றுவார். ஊடை நூல் எத்தனை தார் வேண்டும் என்று சேலையைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆனது. பிறகு 21 நாளைக்கு ஒரு முறை, ஆறு முறை, ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முதல் மருந்து ஏறி மூன்றாவது வாரம் தலையைச் சீவினார். சீப்போடு முடி கொத்தாக வந்தது. இரண்டாவது மருந்துக்குப் பிறகு வாயெல்லாம் புண். சோறு உள்ளே போகவில்லை. பார்க்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, "இந்த மருந்து ஆளையே அரிச்சிடும், நிறுத்திடுங்க" என்றார்கள். பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"டேய், மருந்து கட்டியத் தேடிப் போகுதுன்னு சொன்னியே. என் முடி என்னடா பாவம் பண்ணுச்சு?"

36 ஆண்டு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவன் நான். செல் பிரிதலைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கணக்கில்லை. அன்று அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது. அதனால்தான் எங்கே கூப்பிட்டாலும் போய் இதைச் சொல்கிறேன்.

ஒரு செல் இரண்டாவதை நெசவுக்காரர்களுக்குச் சொல்வது சுலபம். பிரியும் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் அத்தனையையும் படியெடுக்க வேண்டும். தாய் வழி 300 கோடி, தகப்பன் வழி 300 கோடி என்று 600 கோடி எழுத்து. சோதனைக்கூடத்தில் வளரும் ஒரு மனித செல் இந்த நகலெடுப்புக்கு மட்டும் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. பிரிவதற்கு ஒரு மணி நேரம். முன்னும் பின்னும் ஆயத்தம், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து ஒரு சுற்று சுமார் 24 மணி. அந்த ஒரு மணி நேரத்தில் செல்லுக்குள் இழைகள் முளைத்து, இரு முனையும் கூராக, நடுவே பருத்து, ராட்டைக் கதிர் போல ஒரு வடிவம் எழும். பாடப் புத்தகம் அதைக் கதிர்கோல் இழைகள் என்றே சொல்கிறது. ஒவ்வொரு குரோமோசோமின் இரண்டு பிரதியையும் அந்த இழைகள் பற்றி, ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் இழுக்கும். பிறகு நடுவே செல் இடுங்கி இரண்டாகும். இழை வேலை முடிந்ததும் தானே கரைந்துவிடும்.

எல்லா செல்லும் இந்தச் சுற்றில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலானவை சுற்றுக்கு வெளியே ஓய்வில் இருக்கின்றன. முடியின் வேர், வாயின் உட்தோல், குடலின் படலம், எலும்பு மஜ்ஜை போன்ற சில இடங்களில்தான் இரவு பகல் ஓயாமல் தறி ஓடுகிறது.

புற்றுநோய்க்கான பழைய ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை பிரிந்துகொண்டிருக்கும் செல்லைப் பிடித்துக் கொல்பவை. சில, நகலெடுப்பைக் கெடுக்கும். சில, கதிர் இழையைக் கட்ட விடாது. மருந்துக்கு ஆளைத் தெரியாது, வேலையைத்தான் தெரியும். பிரிகிறாயா, உன்னைப் பிடிப்பேன் என்கிறது. கட்டியில் பிரியும் செல்லும் சிக்குகிறது, முடி வேரில் பிரியும் செல்லும் சிக்குகிறது. முடி எந்தப் பாவமும் செய்யவில்லை. அது சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. எந்த நாளில் எண்ணினாலும் அதில் நூற்றுக்கு 85, 90 முடி வளரும் காலத்தில் இருக்கும். அதனால்தான் தலை முழுக்கக் கொஞ்ச நாளிலேயே கொட்டுகிறது. புருவ முடியில் பெரும்பகுதி எப்போதும் ஓய்வில் இருக்கும். அதனால் அது பலருக்குப் பிந்தித்தான் உதிர்கிறது, சிலருக்கு உதிர்வதே இல்லை. இன்னொன்று: வேரில் ஓயாமல் பிரியும் செல்களுக்குச் சற்று மேலே, ஓய்விலேயே இருக்கும் மூல செல்கள் சில உண்டு. மருந்து அவற்றைக் கவனிக்காமல் போய்விடுகிறது. மருந்து நின்றதும் அவை எழுந்து புது வேரை நெய்யும். ஒன்றிரண்டு மாதத்தில் தலையில் பூனைமுடி மாதிரி முளைத்துவிடும். திருப்பதிக்கு மொட்டை போட்டால் வளர்வதில் யாருக்கும் சந்தேகமில்லை. இங்கேயும் முடி திரும்ப வரும் என்று அந்தப் பெண்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நம் ஊரில் அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

இப்போது 21 நாளுக்கு வருகிறேன். ஏன் 20 இல்லை, ஏன் 10 இல்லை? பெரியம்மாவுக்கு ஊசி போட்ட செவிலியர் அம்மா ஒருவர்தான் இதை எனக்கு விளக்கினார். அவர் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்புறம் மூன்று கோடு போட்டார்.

முதல் கோடு வெள்ளையணு. கிருமியோடு முதலில் சண்டைக்குப் போகும் வெள்ளையணுக்கள் ரத்தத்தில் ஒரு நாளோ சில நாளோதான் இருக்கும். மருந்து மஜ்ஜையில் பிரியும் செல்களை அடித்துவிட்டதால் புதியவை வரவில்லை. கையிருப்பு தீர்ந்து, ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்குகிறது. பிறகு மஜ்ஜையின் ஓய்ந்திருந்த மூல செல்கள் எழுகின்றன. 21ஆம் நாள் வாக்கில் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறிவிடுகிறது. ஏறியதும் அடுத்த மருந்து. கட்டியின் செல்களுக்கு அந்த மூன்று வாரத்தில் மஜ்ஜை அளவுக்குச் சீராக மீளத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் நாம் மீள்கிறோம், அது இன்னும் கொஞ்சம் குறைகிறது. இந்த இடைவெளியில்தான் வைத்தியம் நடக்கிறது.

இரண்டாவது கோடு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு. அதற்கு ஆயுள் ஏழு முதல் பத்து நாள். வெள்ளையணுவுக்குப் பின்னால் அது இறங்கும். மூன்றாவது சிவப்பணு. அதற்கு 120 நாள் ஆயுள் என்பதால் உடனே தெரியாது. மூன்று நான்கு சுற்று ஆன பிறகுதான் சோர்வு, மூச்சிரைப்பு, வெளுத்த நகம் என்று மெல்லத் தெரியும். எந்தத் தொல்லை எந்த வாரம் வரும் என்பது அந்தந்த செல்லின் ஆயுளில் எழுதியிருக்கிறது. "இது உடம்பு அழியுற கணக்கு இல்ல சார், உடம்பு திரும்புற கணக்கு" என்றார் அந்த அம்மா.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் வீட்டுக்குப் போய் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மருந்து ஏறிய இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், அது ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வாரத்தில் உடம்பில் காவல் இல்லை. மருந்தால் செத்தார் என்று ஊரார் சொல்லும் சாவுகளில் சில, அந்த ஓர் இரவைக் காத்திருந்ததால் வந்த சாவுகள்.

கதிர் இழையைக் கட்ட விடாத மருந்து என்றேனே, அதில் இரண்டு நம் வீட்டு வாசலில் பூக்கும் செடியிலிருந்து வருகின்றன. நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. இப்போது நம் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் அதைப் பயிராகவே வைத்து, இலையும் வேரும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், இந்த இலை சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று எலிகளில் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை. ஆனால் எலிகளின் வெள்ளையணுக்கள் மளமளவென்று குறைந்தன. ஏன் என்று துருவிப் போய் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். பின்னால் வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றுவரை அதுதான் முன்வரிசை மருந்துகளில் ஒன்று. எந்த வெள்ளையணு வீழ்ச்சியைக் கண்டு நாம் பயப்படுகிறோமோ, அந்த வீழ்ச்சியே இந்த மருந்தைக் காட்டிக்கொடுத்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வாசலில்தானே இருக்கிறது, நாமே இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் என்ன என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தச் செடியில் விஷமான வேறு பல சரக்கும் இருக்கிறது. இலையிலிருந்து ஊசிக்கு வருவது வரைக்கும் உள்ள வேலைதான் அதை மருந்தாக்குகிறது.

புற்றுநோய் செல் மற்ற எல்லாவற்றையும் விட வேகமாகப் பிரியும் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நானே அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். பல கட்டிகள் இரண்டு மடங்காக மாதக்கணக்கில் ஆகும். நம் குடல் அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். வேறுபாடு வேகத்தில் இல்லை. கல்லீரலைச் சொன்னேனே, போதும் என்றால் நிற்கும் என்று. புற்று செல்லுக்கு அந்தச் சொல் கேட்பதில்லை. ஒன்று இரண்டாகி, நாலாகி, முப்பதாவது மடங்கில் 107 கோடி. சுண்டைக்காய் அளவு கட்டி அது. கையில் தட்டுப்படும் முன் அது பெரும்பாலான மடங்குகளைக் கடந்துவிட்டது. ஆகவே தட்டுப்பட்ட பிறகு "அடுத்த மாசம் பார்க்கலாம், தீபாவளி போகட்டும்" என்று சொல்ல நமக்கு நேரமில்லை.

அந்தச் சொல் ஏன் கேட்காமல் போகிறது? ஒவ்வொரு நகலெடுப்பிலும் எழுத்துப் பிழை நேரலாம். செல்லுக்குள்ளேயே பிழை திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்பதைவிடவும் குறைவாகத்தான் பிழை தங்குகிறது. ஆனாலும் வாழ்நாள் முழுக்க ஓயாமல் பிரிகிற இடத்தில் பிழை சேரும் வாய்ப்பு கூடுதல். இதயத் தசையில் புற்று மிக மிக அபூர்வம் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள். வாயின் உட்தோல் சில வாரத்திலேயே புதிதாகிற இடம். அங்கே புகையிலையை அடக்கி வைத்தால் என்ன நடக்கும்? அது செல்லைக் காயப்படுத்துகிறது. காயத்தை ஆற்ற செல் இன்னும் அதிகமாகப் பிரிகிறது. பிரிகிற அதே நேரத்தில் எழுத்தையும் அது கெடுக்கிறது. தறியில் உட்கார்ந்தால் எழ முடியாது, பசி தெரியாமலிருக்க ஒரு சிட்டிகை என்று அடக்கிக்கொள்கிற அண்ணன்மார்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் உழைப்பை அறிந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், விட்டுவிடுங்கள்.

காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அறிஞர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அப்போது அவர் முதலமைச்சர். அமெரிக்காவுக்கே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தும் 59 வயதில் போனார். அவர் நினைவாகக் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய நிலையம் இருக்கிறது. ஏழைக்கு வைத்தியம் எட்டாத தூரத்தில் இல்லை. நம்மவர்கள் பாதியில் நிறுத்தும்போதுதான் அது எட்டாமல் போகிறது.

பெரியம்மா நிறுத்தவில்லை. செவிலியர் அம்மா போட்ட மூன்று கோட்டை நான் அவருக்குக் கூடத்துச் சுவரில் சாக்பீசால் வரைந்து காட்டினேன். அதன் பிறகு "இன்னைக்கு எட்டாவது நாளு, எறங்குற நாளு, யாரும் வராதீங்க" என்று அவரே வாசலில் சொல்லி அனுப்புவார். ஆறு மருந்தும் முடிந்தது.

முடிந்து ஒரு மாதம் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்தில் குறுக்கே பள்ளம் பள்ளமாகக் கோடுகள். நகத்தின் வேரும் ஓயாமல் பிரிகிற இடம்தான். ஒவ்வொரு மருந்தின்போதும் அது சில நாள் நின்றுபோய்த் திரும்ப ஓடியிருக்கிறது. நின்ற இடமெல்லாம் பள்ளம். நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளர்வதால், கோட்டுக்கும் கோட்டுக்கும் இரண்டு மில்லிமீட்டர். பெரியம்மா மறு கைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"ஆறும் இருக்குடா. எல்லாம் ஒரே எடைவெளியில, தறியில பண்ணை அடிச்ச மாதிரி. மொதக் கோடு நுனிக்கு வந்துடுச்சு பாரு. நாளைக்கு வெட்டிடலாம்."